சார்ஜ் ஏறாத வண்டி

"உன்கிட்ட விட்டதுக்கு இந்த வண்டியைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டிருக்கலாம். அவனாவது எடை போட்டு மரியாதை குடுத்திருப்பான்."

டிரைவர் ஐயா தன் பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்தார். ஆயுசு பூராவும் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாதாரணமாகப் பேசினாலே கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல். எதிர்க்கடை டயர்க்காரன், வேடிக்கை பார்க்க வசதியாக ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

மெக்கானிக்குக் காது சுட்டது. அவனை எல்லாரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கரண்ட் பார்க்கிற மீட்டர் எந்நேரமும் அவன் கழுத்தில் தொங்கும். பேட்டரி இறங்குகிற கேஸ் என்றால் மற்ற பட்டறைக்காரர்களே கௌரவம் பார்க்காமல் அவனிடம்தான் அனுப்புவார்கள். அந்தப் பேர்தான் அவனுடைய சொத்து. அதே கோளாறுக்காக இந்த வண்டி திரும்பி வருவது இது மூன்றாவது தடவை.

சாயங்காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் ஊரெல்லாம் சொல்லுவேன் என்று சொல்லிவிட்டு டிரைவர் ஐயா நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

மீட்டர் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்கும் காயில் நன்றாக இருந்தது. அதை அளந்து பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டரும் நன்றாக இருந்தது. பேட்டரியோ புதுசு. ரெகுலேட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒயர் சேருகிற கனெக்டர் மட்டும், போன தடவை மாதிரியே, பிரிந்து கிடந்தது.

அதிர்வில் பிரிகிற சாமான் இல்லை அது. கிளிப்பை அமுக்கி இழுத்தால்தான் வரும். மேலே இருந்த ரப்பர் உறையைப் பழையபடி மாட்டியும் வைத்திருந்தார்கள். யாரோ வேண்டுமென்றே செய்த வேலை. சாயங்காலம் டிரைவர் ஐயாவை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து இதைக் காட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டான். பேர் போனால் பட்டறையில் அப்புறம் என்ன இருக்கிறது, ஆயில் கறைதான்.

மத்தியானம் டிரைவர் ஐயாவின் மனைவி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளே வந்து, வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, உங்க வேலையில குத்தம் இல்ல. அந்த ஒயரை இழுத்துவிடறது நான்தான்."

ஏன் என்று கேட்டான் மீட்டர்.

மெதுவாகத்தான் சொன்னார். டிரைவர் ஐயாவுக்குக் கண் மங்கிக்கொண்டே போகிறதாம். நின்றிருந்த வேனை நிழல் என்று நினைத்து, முட்டுகிற தூரம் வரை போய்விட்டாராம். பின்னால் உட்கார்ந்திருந்த இவருக்கு உயிரே போய்த் திரும்பி வந்ததாம். அவரோ, வேன்காரனுக்கு நிறுத்தத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாராம்.

"கண்ணு போச்சுங்கன்னு நான் சொன்னா, மனுஷன் அப்படியே மூலையில உக்காந்துடுவாரு. வண்டி போச்சுன்னா உங்களை நாலு வார்த்தை திட்டிட்டு, நடக்க ஆரம்பிச்சுடுவாரு."

எந்த ஒயர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டான்.

"அவர் வண்டியைப் பிரிக்கறப்பல்லாம் டார்ச் பிடிச்சு நின்னதே நான்தானே. கை ஆடினா அதுக்கு வேற திட்டு. டார்ச் பிடிக்கறவளுக்கும் கண்ணு இருக்கும்ல."

மீட்டர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். எத்தனையோ வண்டிகளில் எத்தனையோ கோளாறுகளைப் பார்த்திருக்கிறான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒரு மனுஷனை நோகாமல் வண்டியிலிருந்து இறக்க, ஒருத்தி ஒரு ஒயரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். சொல்ல மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினான். அவர் போன பிறகும் வெகுநேரம் அந்தக் கனெக்டரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் டிரைவர் ஐயா வந்தபோது பட்டறையில் கூட்டம். டயர்க்காரனும் வந்து நின்றான்.

மீட்டர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். "ஐயா, இந்த வண்டி என் கைக்குச் சிக்கல. இதுக்கு இனிமே சாமானும் கிடைக்காது. ஓரங்கட்டி வச்சிருங்க."

"அப்புறம் என்னத்துக்குக் கழுத்துல அது? தாயத்தா?"

கூட்டம் சிரித்தது. டயர்க்காரன் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். நாளைக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும் என்று மீட்டருக்குத் தெரியும். வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொடுத்தான்.

தெருமுனை திரும்பியதும் டிரைவர் ஐயா நின்றார். அந்தப் பெரிய குரலைக் காணவில்லை.

"அவ வந்து சொன்னாளா?"

மீட்டர் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உன் பேரைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கப்பா. ஒவ்வொரு தடவையும் உன் கண்ணு முன்னாடி ஓட்டிட்டுப் போறேன்ல, அது இந்த முனை வரைக்கும்தான். இங்க இறங்கித் தள்ளிட்டுத்தான் போவேன். என் கண்ணைப் பத்தி எனக்கே தெரியாதா? எனக்குத் தெரியும்கறது அவளுக்குத் தெரியக்கூடாதுன்னுதான், அவ ஒயர்ல கை வச்ச மறுநாளே உன்கிட்ட தள்ளிட்டு வந்து கத்தறேன்."

"ஆனா ஐயா... ஒயரை அவங்கதானே..."

டிரைவர் ஐயா வண்டியின் பக்கவாட்டு மூடியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அந்தக் கிளிப்பை அமுக்க அவ விரல்ல ஏதுப்பா வலு? இழுத்துப் பாத்துட்டு, கழண்டுடுச்சுன்னு நம்பி உள்ள போயிடுவா. அப்புறம் நான் போய்த்தான் கழட்டி விடுவேன்."