இருவருக்கும் பாஸ்வேர்டு

"என் மெயிலை யாரோ திறந்து படிக்கிறாங்க, டாக்டர்!"

பல் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே முன்னறைக்கு வந்தார். ரிசப்ஷன் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருடமாகக் காலை ஷிஃப்ட் அவளுடையது. மதியம் இரண்டு மணிக்கு மேல் அதே நாற்காலியும் அதே கம்ப்யூட்டரும் நாலு மாதம் முன்பு சேர்ந்த சின்னவளுக்கு. மெயில் புரோகிராமைத் திறந்தால் இரண்டு பேர் பெயரும் வரும். எதைத் தொட்டாலும் திறந்துகொள்ளும்.

"யாருன்னு நினைக்கிறீங்க?"

"நான் யாரையும் சொல்லலை டாக்டர். இந்த நாற்காலியில உட்கார்றது ரெண்டே பேர். அதுல ஒருத்தி நான்."

"அந்தப் பொண்ணா? வாயில விரலை வச்சா கடிக்கத் தெரியாதும்மா அதுக்கு."

"உங்க முன்னாடி அப்படித்தான் இருப்பா. நான் எழுந்திருச்சா போதும், நாற்காலி சூடு ஆறுறதுக்குள்ள வந்து உட்கார்ந்துடுறா. அப்படி என்ன அவசரம்?"

"அவ டியூட்டி ரெண்டு மணிக்குத்தானே ஆரம்பிக்குது?"

அக்காவுக்கு அந்தப் பதில் ரசிக்கவில்லை. அவள் கவலை அவளுக்கு. அடுத்த மாதம் டாக்டர் இன்னொரு கிளினிக் திறக்கிறார். அங்கே நிர்வாகப் பொறுப்பு யாருக்கு என்று மனிதர் இதுவரை வாயே திறக்கவில்லை. நாளெல்லாம் முகமூடிக்குள் இருந்து பழகிய வாய். எதைச் சொல்வதானாலும் மெயில்தான். பஞ்சு தீர்ந்துவிட்டது என்பதற்குக்கூட ஒரு மெயில்! அந்தப் பொறுப்பு கிடைத்தால் அக்காவுக்குத் தனி அறை, கூடுதல் சம்பளம். கிடைக்காவிட்டால், நேற்று வந்தவளிடம் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

"சரி, ரெண்டு பேருக்கும் பாஸ்வேர்டு போட்டுடலாம்" என்றார் டாக்டர்.

"அவளுக்கு எதுக்கு? எனக்குப் போட்டா போதும்."

"போட்டா ரெண்டு பேருக்கும்தாம்மா."

அக்கா தன்னுடையதைத் தட்டினாள். இரண்டு மணிக்கு வந்த சின்னவளும் ஒன்றும் கேட்காமல் தன்னுடையதைத் தட்டினாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அக்காவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சின்னவள் திரையைப் பார்த்துச் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். வீட்டுக்குப் போகாமல், குடையைத் தேடுகிற சாக்கில் அவள் முதுகுக்குப் பின்னாலேயே சுற்றினாள். வெளியே வெயில் கொளுத்தியது.

நாலாவது நாள் இரண்டு மணிக்கு வெடித்துவிட்டாள்.

"ஒண்ணு இவ இருக்கணும், இல்லைன்னா நான் இருக்கணும் டாக்டர்! இன்னைக்கே முடிவு சொல்லுங்க."

சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சத்தியமா நான் அக்காவோட மெயிலைத் திறந்ததே இல்லை, டாக்டர்."

"நடிக்காதேடி! பச்சப்புள்ள மூஞ்சியை வச்சுக்கிட்டு எல்லாரையும் ஏமாத்துற."

டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கினார். "அம்மா, வெறும் சந்தேகத்தை வச்சு ஒரு பொண்ணை வேலையை விட்டு அனுப்ப முடியுமா? ஏதாவது ஆதாரம் இருக்கா?"

"நான் எதைச் சொன்னாலும் உங்களுக்கு ஏறாது. இவதான் உங்களுக்கு உசத்தி! ஒன்பது வருஷம் மாடா உழைச்சவ நான். 'புது கிளினிக்கைப் பார்த்துக்கிறியா, யோசிச்சுப் பதில் எழுது'ன்னு என்னையா கேட்டீங்க? போன ஞாயித்துக்கிழமை இவளுக்குத்தானே எழுதினீங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்னவள் அவளையே பார்த்தாள். காத்திருந்த நோயாளிகூட வலிக்கிற கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஆமா, கேட்டேன்" என்றார் டாக்டர் மெதுவாக. "இவ பதில் வந்தது திங்கட்கிழமை சாயங்காலம், பாஸ்வேர்டு போட்டதுக்கு அப்புறம். அதனாலதான் உங்களால படிக்க முடியலை போலிருக்கு. 'எனக்கு வேண்டாம் டாக்டர், ஒன்பது வருஷமா உழைக்கிற அக்காவுக்கே குடுங்க'ன்னு எழுதியிருந்தா."