ஏணியைக் கேட்க வந்தவர்

படலைத் திறக்கும் சத்தம், பின்னாலேயே ஒரு செருமல். கொல்லைச் சுவரில் சாய்ந்திருந்த மூங்கில் ஏணி சிலிர்த்துக்கொண்டது.

"எங்க வீட்டுக்காரர் பொன்னுரங்கம்! போன மழைக்கு இரவலா வந்தேன், இப்பத்தான் கூட்டிட்டுப் போக வர்றார்."

"போன தடவையும் இதைத்தான் சொன்னே" என்றது அந்த வீட்டு மண்வெட்டி.

"இன்னிக்கு நிச்சயம். ஓடு மாத்தலேன்னா அங்க வீடே ஒழுகிடும்."

பொன்னுரங்கம் காப்பி குடித்தார். மாடு கன்று போட்டதை விசாரித்தார். தன் பொருளைத் திருப்பிக் கேட்க அவருக்குக் கூச்சம். கடைசியில் ஏணியைத் தடவிப் பார்த்து, "நல்ல ஏணி. எங்க வாங்கினீங்க?" என்றார்.

"ஐயோ, வாயைத் திறந்து கேளுய்யா!" என்று ஏணி முனகியது.

வீட்டுக்காரி தனபாக்கியம் யோசித்தாள். "தெரியலண்ணே, ரொம்ப நாளா இங்கதான் கிடக்குது. வேணும்னா எடுத்துட்டுப் போங்க. ஆனா சாயங்காலம் மறக்காம கொண்டாந்துடணும், ஆமா."

"கண்டிப்பாம்மா!"

சொன்னபடியே கொண்டுவந்தார். சேற்றைக்கூடத் துடைத்திருந்தார்.

"சொந்த வீடு எப்படி இருந்துச்சு?" என்றது மண்வெட்டி.

"ஏறும்போது வீட்டம்மாகிட்ட சொல்றார், இரவல் ஏணி, பார்த்துப் பிடின்னு."

தனபாக்கியம் வந்து, பழையபடி அதன் படிகளில் ஈரத்துணியைக் காயப்போடத் தொடங்கினாள்.