சீன் போடுற கால்

வியாசர்பாடி டீக்கடைத் திரையில் ஓடிய கால்பந்து ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருண்டான். குறுக்கே காலை விட்டு அவனைச் சாய்த்தவன் லாசர், ஏரியாவின் செல்லப் பிள்ளை.

"சும்மா சீன் போடுறான்டா! கால்ல படவேயில்ல!" என்று கத்தினான் பெனடிக்ட். கடையே ஆமாம் போட்டது.

சிவப்பு அட்டை தருவதா வேண்டாமா என்று இப்போதெல்லாம் ரசிகர்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் அடிபட்டவனின் வலியைத் தன் காலில் பத்து நொடி வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் பெரும்பாலோர் கத்துவதோடு சரி. பெனடிக்டுக்கு லாசர் மேல் உயிர். அதற்கென்றே கடையில் தொங்கிய வலிப்பட்டையை முழங்காலில் கட்டி, பொத்தானை அமுக்கினான்.

"அய்யோ அம்மா!"

பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் உருண்டான். வலி நின்றதும், வியர்வை வழிய, சிவப்புக்கே ஓட்டுப் போட்டான்.

"துரோகி!" என்றான் பக்கத்தில் இருந்த யூசுப். "எந்திரிடா, ரொம்ப சீன் போடாத. உனுக்கு இன்னா அடியா பட்டுச்சி?"

பெனடிக்ட் பட்டையைக் கழற்றி அவனிடம் நீட்டினான்.

யூசுப் உட்பட அத்தனை பேரும் ஆறிப்போன டீயை ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தார்கள்.