குரோஷா ஊசிக்குத் தண்ணீர் ஆகாது

இரும்பில் செய்த குரோஷா ஊசி ஒன்று, வாழைநாரைக் கொண்டு கைப்பை பின்னத் தொடங்கியது. முதல் நாள் நார் கிண்ணத்துத் தண்ணீரில் நன்றாக நனைந்துவிட்டுத்தான் வந்தது.

"ஈரத்தோட என்னைத் தொடாதே! துருப் பிடிச்சா யார் பதில் சொல்றது?" என்று ஊசி எரிந்து விழுந்தது.

அன்றிலிருந்து நார் காய்ந்தே வந்தது. காய்ந்த நார் வளையுமா? இழுத்த இடமெல்லாம் அறுந்தது. "உனக்கு எவ்வளவு விறைப்பு!" என்று அதற்கும் ஊசியே திட்டியது. நார் அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டது.

கைப்பிடி பின்னும்போது மறுபடியும் அறுந்தது.

"அண்ணே, இன்னொரு தடவை அறுந்தா கைப்பிடிக்கு நான் எட்ட மாட்டேன். கொஞ்சம் பாத்து இழுங்க" என்றது நார்.

ஊசிக்குச் சுருக்கென்றது. நேராகப் போய்த் தண்ணீர்க் கிண்ணத்தில் தலைகுப்புறக் குதித்தது.

"ஐயோ அண்ணே, துரு!"

"பிடிச்சா பிடிக்கட்டும். நீயும் வந்து நனை" என்றது ஊசி, அப்போதும் கடுகடுவென்று.

பை அழகாக முடிந்தது. கைப்பிடி ஓரத்தில் மட்டும் ஒரு துருப்புள்ளி.

"இதென்ன கறை?" என்று கேட்டது கத்தரிக்கோல். ஊசி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

"கறையா? அண்ணன் வெச்ச திருஷ்டிப் பொட்டு" என்றது நார்.