நின்றுகொண்டே ஓட்டும் வண்டி

கார் ஷெட்டில் முகமூடியோடு குனிந்து நின்ற உருவத்தைப் பார்த்ததும் மாமனார், "யாருடா அது?" என்று சத்தமே போட்டுவிட்டார்.

"நான்தான் மாமா."

மாப்பிள்ளை முகமூடியைக் கழற்றினார். மூக்கும் வாயும் தவிர மற்ற முகமெல்லாம் சாம்பல் நிறத் தூசி.

காரைத் தெருவுக்குத் துரத்திவிட்டு, அதன் இடத்தில் இரண்டு மரச் சட்டங்களின் மேல் படகுக்குட்டி மாதிரி ஏதோ ஒன்று படுத்திருந்தது.

"என்ன மாப்பிள்ளை இது?"

"ஜெட் ஸ்கீ மாமா. தண்ணியில ஓடுற பைக் மாதிரி. இதுல சீட் கிடையாது, நின்னுக்கிட்டேதான் ஓட்டணும். பழசா வாங்கி, முன்பக்கத்தை வெட்டிக் கூராக்கி, கைப்பிடியை மாத்தி... இப்ப பிரைமர் அடிச்சுக் காய்ஞ்சிருக்கு. இதைத் தேய்ச்சு வழவழன்னு ஆக்கிட்டா பெயின்ட் அடிச்சிடலாம்."

"இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு?"

"ரேஸுக்கு மாமா. அடுத்த ஞாயித்துக்கிழமை."

திட்டுவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. தன் ஸ்கூட்டரை வாழ்நாளில் ஒருமுறைகூட விரட்டி ஓட்டாத மனிதர் அவர். 'ரேஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் மார்பு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது.

"அப்படிப் போடுங்க! ஆம்பளைன்னா இப்படியில்ல இருக்கணும்!"

"அது வந்து மாமா, இதை ஓட்டப் போறது—"

"தெரியும், தெரியும். ஓட்டுறது லேசுப்பட்ட காரியமில்ல. உங்களுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நாலு இழுப்பு இழுத்தார். தோள் வலித்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு மேற்பார்வையில் இறங்கிவிட்டார்.

"என்ன கலர்?"

"ஆரஞ்சு. கடல்ல விழுந்தாலும் தூரத்திலேர்ந்தே தெரியும்."

"வெரி குட். ஆமா, எங்க என் பொண்ணு?"

"மாடியில எக்சர்சைஸ் பண்றா."

"நல்லாயிருக்கு! புருஷன் இங்க தூசி தின்னுக்கிட்டிருக்கார், அவளுக்கு இடுப்பு இளைக்கணுமாக்கும். அவ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா நீங்க கண்டுக்காதீங்க. வாரம் பூரா ஆபீஸ்ல கிடந்து சாகுறோம். ஒருநாளாவது நமக்குன்னு வாழ வேணாமா? வீட்டு வேலை எங்க ஓடிடப் போகுது?"

"அவ ஒண்ணும் சொல்றதில்ல மாமா. விஷயம் என்னன்னா—"

மாமனார் அதற்குள் தன் தம்பிக்கு போன் போட்டாகிவிட்டது. "என் மாப்பிள்ளை கடல்ல ரேஸ் ஓட்டுறாருடா! குடும்பத்தோட வந்துடு!"

அடுத்து மனைவிக்கு. எப்போதும் போல ஸ்பீக்கரில்.

"இங்க பாரு, அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் கிளம்புறோம். மாப்பிள்ளை ரேஸ் ஓட்டப் போறார்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

"யாரு, மாப்பிள்ளையா?"

"பின்னே? இந்தக் குடும்பத்துல துணிச்சல்னு ஒண்ணு யாருக்காவது இருக்கேன்னு இப்பத்தான் மனசு குளிருது!"

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அப்பாவின் பேச்சு அரைகுறையாகக் காதில் விழ, வியர்வையோடு ஓடி வந்தாள் மகள். முகமெல்லாம் சிரிப்பு.

"நிஜமாவே வர்றீங்களாப்பா? நீங்க கோவிச்சுக்குவீங்கன்னுல்ல நினைச்சேன்!"

"மாப்பிள்ளை ரேஸ் ஓட்டுறார், நான் வராம இருப்பேனா?"

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. கணவனைப் பார்த்தாள்.

"நீங்க இன்னும் சொல்லலையா?"

"சொல்ல விட்டாத்தானே!" என்ற மாப்பிள்ளை, மாமனார் பக்கம் திரும்பினார். "மாமா, எனக்கு நீச்சலே தெரியாது. ஓட்டப் போறவ இவதான். கைப்பிடியைக்கூட இவ உயரத்துக்குத்தான் வெட்டியிருக்கேன். நான் வெறும் பெயின்டர்."

மாமனார் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"இவளா? கல்யாணமான பொண்ணுக்குக் கடல்ல என்ன வேலை? கை கால் போச்சுன்னா யார் பார்க்கிறது? கிடைக்கிறது ஒரு ஞாயித்துக்கிழமை, அன்னிக்கும் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுட்டு ஊர் சுத்தணுமா? ஆசையாம் ஆசை! உங்களையும் சொல்லணும் மாப்பிள்ளை, இடம் கொடுத்தே கெடுத்து வச்சிருக்கீங்க!"

மகள் வண்டியின் முன்பக்கத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். "இங்க லேசா ஒரு மேடு இருக்கு" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமலே சொன்னாள்: "துணிச்சல்னு சொன்னப்போ என்னைத்தான் சொல்றீங்கன்னு நினைச்சுட்டேன்பா."

மாமனாருக்கு என்னவோ போலிருந்தது. பிறகு தம்பியிடம் அடித்த தம்பட்டம் நினைவுக்கு வர, வேறு மாதிரியும் இருந்தது. முன்னும் பின்னும் நடந்தார். திடீரென்று முகம் தெளிந்தது.

"சரி, ஒண்ணு செய்வோம். ஹெல்மெட் போடுவேல்ல? அதுக்குள்ள யாரு என்னன்னு எவனுக்குத் தெரியப் போகுது? மாப்பிள்ளைதான் ஓட்டுறார்னு சொல்லிடுவோம். மாப்பிள்ளை, ரேஸ் முடியிற வரைக்கும் நீங்க எங்கேயாவது தலைமறைவா இருந்துக்குங்க."

மாப்பிள்ளை அவசரமாக முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தூசிக்காக அல்ல.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றது ஒரு குரல்.

மாமனார் திடுக்கிட்டுக் கையைப் பார்த்தார். போனைத் துண்டிக்க மறந்திருந்தார்.

"நீங்க உங்க தம்பியோட வீட்டிலேயே இருங்க" என்றாள் மனைவி. "தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு, அவ இரவல் வண்டியில ஓட்டின போன ரெண்டு ரேஸையும் கரையில நின்னு பார்த்தவ நான். இந்தத் தடவை ரேஸுக்குன்னு சொல்லிட்டே போறேன்."