டம்ளரில் மிதந்த அரிசி

“இது அரிசி இல்ல முதலாளி, பிளாஸ்டிக்கு. இதைத் தின்னுட்டு நாங்க யாரும் மிஷின்ல உக்கார மாட்டோம்.”

கருத்தம்மா தண்ணீர் டம்ளரை மேஜை மேல் ‘டக்’கென்று வைத்தாள். ஏழெட்டு அரிசி மணிகள் மேலே மிதந்தன. அவளுக்குப் பின்னால் கேன்டீனில் உட்கார்ந்திருந்த எழுபது பெண்களும் தட்டில் கை வைக்கவில்லை.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் காலையிலிருந்து ஒரு மிஷின்கூட ஓடவில்லை. மறுநாள் சரக்கு தூத்துக்குடி போய்க் கப்பல் ஏற வேண்டும்.

முதலாளி சரவணக்குமாருக்கு முகம் கடுகடுத்தது. பேச்சில் மட்டும் மரியாதை குறையவில்லை.

“ஏனுங்க அம்மிணி, துணி செக்கிங்குக்கு வந்தவங்க அரிசியை எதுக்குங்க செக் பண்றீங்க?”

“பனியன்ல ஊசி ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்குச் சோத்துல இருக்கிறது தெரியாதா?”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சரவணக்குமார் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“செரிங்க. இதா, எங்கண்ணன் வந்திருக்காருங்க. அணு விஞ்ஞானி. முப்பது வருசமா மும்பையில சோத்தைத்தான் ஆராய்ச்சி பண்றாரு. பிளாஸ்டிக்குன்னு அவர் சொல்லட்டும், அத்தனை மூட்டையையும் ரோட்டுல கொட்டிடறேன். அரிசின்னு சொல்லிட்டாருன்னா, இதைக் கிளப்பிவிட்டவங்க இன்னைக்கே வேலையை விட்டுப் போயிரோணும். சம்மதங்களா?”

“ரெண்டு பிள்ளைகளை வச்சிருக்க, பேசாம இரு அக்கா” என்று பக்கத்தில் இருந்தவள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

கருத்தம்மா முந்தானையை விடுவித்துக்கொண்டாள். “சம்மதம்.”

அண்ணன் சென்னியப்பன் டம்ளரைக் கையில் எடுத்தார்.

தம்பி சொன்னது கேலிதான் என்றாலும் பொய்யில்லை. நியூட்ரான் கதிரை உணவுக்குள் செலுத்தி, அது சிதறி வெளியே வரும் விதத்தை வைத்து உள்ளே எது எப்படி அடுக்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. தயிர், முட்டை, இட்லி மாவு என்று ஆரம்பித்தவர், கடைசி எட்டு வருஷம் ஒரே ஒரு மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மணிதான் டம்ளரில் மிதந்தது.

அரிசி மாவில் இரும்புச் சத்தும் வைட்டமினும் சேர்த்து, அரிசி வடிவத்திலேயே அழுத்திச் செய்தது. ரத்தசோகை பிடித்த பெண்களுக்காக ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்று கலப்பார்கள். வெந்தபிறகு அதற்குள் இரும்பு எந்த இடத்தில் தங்குகிறது என்பதுவரை அவருக்குத் தெரியும்.

“மூட்டையைப் பாக்கலாமா?” என்றார்.

ஸ்டோர் ரூமுக்குள் அவர் நுழைந்ததும், பின்னாலேயே வந்த சரவணக்குமார் கதவைச் சாத்தினார். மூட்டைகள் எல்லாமே உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைக்கப்பட்டிருந்தன. சென்னியப்பன் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து மடித்துப் பார்த்தார். உள்ளே அரசாங்க முத்திரை.

“சரவணா, இது ரேஷன் அரிசி.”

“மெதுவாப் பேசுங்ணா.”

“வெளிய போர்டுல பொன்னி அரிசிச் சாப்பாடுன்னு எழுதி வெச்சிருக்கே. அதைச் சொல்லித்தானே இவங்க சம்பளத்துல பிடிக்கிறே?”

“யாருக்குப் போகோணுமோ அவங்க வயித்துக்குத்தானுங்ணா போகுது? நான் என்ன பல்லடத்துக் கோழிப்பண்ணைக்கா வித்துட்டேன்?” சரவணக்குமார் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களை நான் பொய் சொல்லச் சொல்லலீங்ணா. பிளாஸ்டிக் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. அது உண்மைதானுங்களே?”

சென்னியப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் படுகிறதே என்றுதான் அவருக்குப் பயமாகவும் இருந்தது.

வெளியே வந்தார். எழுபது முகங்கள் அவரையே பார்த்தன.

“இது பிளாஸ்டிக் இல்லீங்க. நான் உறுதியாச் சொல்றேன். அரிசி மாவுல சத்து சேர்த்துச் செஞ்சது. மிதக்கும். மெல்லும்போது கொஞ்சம் வித்தியாசமா இருக்கும். ஆனா உடம்புக்கு நல்லது. பொறுக்கி எறிஞ்சிடாதீங்க.”

“அம்புட்டுத்தானா சார்?” என்றாள் கருத்தம்மா.

“அவ்வளவுதான்.”

“நல்லதுன்னு சொல்றீக. எங்க பிள்ளைகளுக்கும் வாங்கிக் குடுப்போம். இது எந்தக் கடையில கிடைக்கும் சார்?”

சென்னியப்பன் தம்பியைப் பார்த்தார். தம்பி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது... எனக்குத் தெரியாதுங்க. ஆராய்ச்சி மட்டும்தான் என் வேலை.”

கருத்தம்மா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் டம்ளரில் இருந்த தண்ணீரை மணிகளோடு சேர்த்து வாஷ்பேசினில் கொட்டினாள்.

பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாப்பிட ஆரம்பித்தார்கள். கால் மணி நேரத்தில் மிஷின்கள் ஓடத் தொடங்கின.

தூக்குவாளியோடு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த கருத்தம்மாவின் பின்னால் சென்னியப்பன் கிட்டத்தட்ட ஓடினார்.

“அம்மிணி, நில்லுங்க. தம்பிகிட்ட நான் பேசறேன். விஷயம் தெரியாமப் பயந்துட்டாங்க, அதுக்குப் போய் வேலையை விட்டு நிறுத்தாதேன்னு சொல்றேன்.”

அவள் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை.

“ரேஷன் அரிசி தின்னே வளந்தவ சார் நான். மொத வாயிலயே தெரிஞ்சுபோச்சு. நாங்க சொன்னா எவன் நம்புவான்? பிளாஸ்டிக்குன்னு கூப்பாடு போட்டா, படிச்சவுக யாராச்சும் வந்து பாத்துட்டு, இது ரேஷன் அரிசின்னு சொல்லிப்புடுவாகன்னு நெனச்சேன்.”