கை அளவு

கல்லூரித் தோப்புக் குரங்கு அணியில் விளாங்காய் எறிவது மூக்கனின் வேலை. அவன் ஆற்றைத் தாண்டி எறிந்தாலும் காய் நேராக அக்கரையில் நிற்கும் கூட்டாளி சடையனின் கைக்குத்தான் போகும்.

பெருங்காட்டு அணிக்கு ஆள் எடுக்க இரண்டு கரடிகள் வந்தன. மூக்கனின் உள்ளங்கையை ஓலை வைத்து அளந்தன.

"கை சின்னதா இருக்கே தம்பி. எங்க ஊர் மழையில காய் வழுக்குமே!"

"மழையிலயும் எறிவேங்கய்யா. எறிஞ்சு காட்டட்டுமா?"

"நீ எறியறதைத்தான் பார்த்தோமே, பிரமாதம். ஆனா கை சின்னது."

பிறகு கரடிகள் சடையனிடம் போயின. "எந்தக் காயையும் தவறவிடாம பிடிக்கிறானே!" என்று வியந்து, அவனைக் கையோடு கூட்டிப் போய்விட்டன.

மறுநாள் காலையில் மூக்கன் வழக்கம்போல எறிந்தான். சடையன் முன்பு நின்ற அதே இடத்தில் காய் விழுந்தது.

அதை எடுத்துவர அவனே நீந்திப் போனான்.